யாழ்ப்பாணக் கரையோரமும் வரலாற்று மாணவரின் ஒளிப்படமும்

வரலாறு கற்போர் பெரும்பாலும் நூலகத்தையே தமது களமாகக் கொள்வர். ஆயின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றை அறிய முற்படுவோர்க்கு நூலகம் மட்டும் போதியதன்று. இதற்குக் காரணங்கள் இரண்டு. குடாநாட்டின் பழைமை பற்றிப் பேசும் வையாபாடல், கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை ஆகிய தமிழ் நூல்கள், தாம் கூறும் தொடக்க நிகழ்ச்சிகளுக்கு மிகப் பிற்பட்ட காலத்தில் எழுந்தவை என்பது ஒன்று. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதிலிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும், மீளப் பெறுதற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்துபட்டமை மற்றொன்று. எனவே, ஏட்டில் எஞ்சாததை நிலத்திலே தேட வேண்டியவராய் உள்ளோம்.

அந்நிலத்துள்ளும் கரையோரமே முதன்மை வாய்ந்தது. குடாநாட்டிலே கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ 10 மைலுக்கு அப்பாற்பட்ட ஊர் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறொன்றும் இங்கில்லை. வணிகரும் துறவியரும் படையினரும் கரையிலேயே வந்திறங்கினர்; தம் சுவடுகளையும் அங்கேயே விட்டுச் சென்றனர். விடுமுறையிலே கூடாரமும் ஒளிப்படக் கருவியும் கொண்டு கடற்கரையை நாடும் மாணவர், களிப்புக்காகச் செல்லினும், தாம் ஒரு பெரும் ஆவணத்தின் மீது நடக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். அவ்வாவணம் ஆண்டுதோறும் அழிந்து வருகின்றது என்பதையும், அவர் எடுக்கும் படமே நாளை அதன் ஒரே சான்றாக எஞ்சக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரையிலே தங்கி வாழ்தல் நமக்குப் புதியதன்று. பருவத்துக்கேற்பக் கரை மாறிச் சென்று, வாடியமைத்துத் தங்கித் தொழில் செய்தல் நம் மீனவரின் நெடுநாளைய வழக்கம். அவர்தம் காற்றறிவை நாமும் பின்பற்றுதல் நன்று. வாடைக்காற்றின் மழை ஓய்ந்து சோழகம் எழுமுன் உள்ள பெப்ரவரி, மார்ச், ஏப்பிரல் மாதங்களே கரையோரப் பயணத்துக்கு ஏற்றவை. சோழகம் வீசுங்காலத்துத் தீவுகளுக்கான கடற்பயணம் கடினமானது.

பயணத்தைக் கிழக்கிலே மணற்காட்டில் தொடங்கலாம். காற்று தள்ளத் தள்ள இடம்பெயரும் மணற்குன்றுகளையும், அம்மணலுள் புதையுண்டு சுவர்கள் மட்டும் வெளித்தெரிய நிற்கும் பழைய அந்தோனியார் ஆலயத்தையும் அங்கே காணலாம். 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. மணற்காட்டுச் சேமக்காலை அந்நாளின் துயரை இன்றும் உணர்த்தி நிற்கின்றது. மணற்குன்றுகள் அலையின் வேகத்தைத் தடுக்கும் இயற்கை அரண்களாகும். அவற்றையே அகழ்ந்து கட்டட வேலைக்கு ஏற்றிச் செல்வது அரணைத் தோண்டி வீடு கட்டுவதை ஒக்கும். இன்று எடுக்கும் குன்றின் படம், பத்தாண்டின் பின் அதே இடத்தில் எடுக்கப்படும் படத்தோடு ஒப்பிடப்படும்போதுதான் இழப்பின் அளவு புலனாகும்.

மணற்காட்டுக்கு அணித்தே வல்லிபுரம் உள்ளது. புரட்டாதித் திருவிழாவின்போது வல்லிபுர ஆழ்வார் கடலாடச் செல்வதும் இம்மணல் வெளியூடாகவே. 1936 இல் இங்கு கிடைத்த பிராமி எழுத்துப் பொறித்த பொன்னேடு, கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் ஆட்சி செய்த வசப மன்னனையும், நாகதீவை நிருவகித்த அமைச்சனையும் குறிப்பிடுகின்றது. பரணவிதான வெளியிட்ட இவ்வேட்டின் மொழி, பொருள் ஆகியன பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. எனினும், இன்று மணல் மூடிக் கிடக்கும் இப்பகுதி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் செறிந்ததோர் இடமாக விளங்கியமையில் ஐயமில்லை.

1916 இல் எழுப்பப்பட்ட பருத்தித்துறை வெளிச்சவீட்டைக் கடந்து மேற்கே சென்றால் வல்வெட்டித்துறையை அடையலாம். இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். அது புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர் மாற்றப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 ஓகஸ்ட் மாதத்தில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பல் உருவான கரையிலே இன்று கண்ணாடியிழைப் படகுகளே வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு தொழில்நுட்பம் மறையும்போது அதனோடு அதன் கருவிகளும் சொற்களும் மறைகின்றன. ஆதலால் இங்கு செல்வோர் கடலை மட்டுமன்றி, முதியோர் இல்லங்களில் எஞ்சியுள்ள பழைய படங்களையும் பொருள்களையும் அவர்தம் இசைவு பெற்றுப் படமெடுத்தல் பயன்தரும்.

மேலும் மேற்கே செல்ல வருவது மயிலிட்டி, காங்கேசன்துறை, கீரிமலை ஆகிய கரை. 1990 இல் இப்பகுதி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 இலேதான் மீளக் கையளிக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்காலம் ஒளிப்படக் கருவி நுழையாத கரை இது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் உற்பத்தியும் 1990 இலேயே நின்றது. அதற்கு மூலப்பொருளாகிய சுண்ணக்கல்லே கீரிமலைக் கேணியின் வியப்புக்கும் காரணமாகும். நிலத்தில் வீழ்ந்த மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து, கரையை நோக்கி நகர்ந்து ஊற்றாய் வெளிப்படுகின்றது. நகுல முனிவரின் கீரிமுகம் இங்கு நீங்கிற்று என்னும் ஐதிகமும், ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனும், நிலத்தியல்பும் ஒருங்கே பிணைந்த இடம் இது.

மாதகலை அடுத்த சம்பில்துறையே மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் என்பது அறிஞர் பலரின் துணிபு. தேவநம்பிய தீசனின் தூதுவர் அசோகனிடம் செல்லக் கப்பலேறியதும், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சங்கமித்தை வெள்ளரசங் கிளையுடன் வந்திறங்கியதும் இத்துறையிலே என அந்நூல் கூறும். ஒரு துறையின் தொன்மை எந்த ஓரினத்துக்கு மட்டும் உரியது என வாதிடுவதிலும், அத்துறையில் எஞ்சியவற்றை உள்ளவாறே பதிவு செய்வதே வரலாற்று மாணவர்க்கு உரிய பணி. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டைத் தீவுப்பகுதியிலே காணலாம்.

காரைநகரில் சவுக்கு மரங்கள் நிழல்செய்யும் ஆழமற்ற கடற்கரை கூடாரமடிக்க வாய்ப்பானது. அங்கிருந்து ஊர்காவற்றுறையை நோக்கும்போது, இரு கரைகளுக்கும் இடையே நீரின் நடுவே நிற்பது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய இதனை 1658 இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டனர். குடிநீரின்மையே உள்ளிருந்தோரைப் பணியச் செய்தது. இலங்கையைப் பன்றித்தொடை வடிவினதாகக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிக்கால் என்னும் பொருள்படும் ஹம்மன்ஹீல் என்ற பெயரை இதற்கு இட்டனர். இன்று இது கடற்படையினரின் பொறுப்பிலுள்ளது.

இந்த ஊர்காவற்றுறையைப் பற்றியே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் பேசுகின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும். அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடையின் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். ஏனைய வணிகப்பண்டம் கொணரும் கலம் உடையின் செம்பாதி உடையவனுக்கு உரியது. இச்சாசனத்தை 1963 இல் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவன் தமிழ்மொழியிலே பிறநாட்டு வணிகர்க்கு அளித்த உறுதிமொழி இது என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் 1970களில் வெளிக்கொணரப்பட்ட சீனத்துச் சுங் வமிசக் காலப் பாண்டங்கள், சாசனம் கூறும் கடல்வணிகத்துக்கு மண்ணிலிருந்து கிடைத்த சான்றாகும். கல்லும் ஓடும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் அரிய வாய்ப்பு இங்கு நமக்குக் கிட்டியுள்ளது.

குறிகாட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவை அடைவோர், முருகைக்கல் அடுக்கிய வேலிகளையும், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்து இன்று கட்டற்றுத் திரியும் மட்டக்குதிரைகளையும், ஆபிரிக்க நிலத்துக்குரிய பெருக்க மரத்தையும், சிதைந்த கோட்டையையும் காண்பர். சாந்தின்றி அடுக்கப்பட்ட அவ்வேலிகள் சீமெந்து மதில்களுக்கு இடங்கொடுக்குமுன் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும்.

பயணம் யாழ்ப்பாணக் கோட்டையில் நிறைவுறுதல் பொருத்தமானது. போர்த்துக்கேயர் எழுப்பி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐங்கோண வடிவில் மீளக்கட்டி, 1795 இல் பிரித்தானியர்க்குக் கையளித்த கோட்டை இது. அண்மைக்கால அகழ்வாய்வுகள், ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட மட்பாண்டங்களையும் இதன் நிலத்தடியிலிருந்து வெளிக்கொணர்ந்துள்ளன. இதனுள்ளே 1706 இல் கட்டப்பட்ட சிலுவை வடிவான ஒல்லாந்தர் தேவாலயம் இருந்தது. காலி (1755), கொழும்பு வுல்பெண்டால் (1757) தேவாலயங்களுக்கும் முற்பட்டது அது. 1990 இல் நிகழ்ந்த போரில் அது தரைமட்டமாயிற்று. கோட்டை மதில்கள் பின்னர் திருத்தப்பட்டன. தேவாலயமோ கற்குவியலாகவே கிடக்கின்றது. அதன் முகப்பையும் வளைவுகளையும் நாம் இன்று அறிவது, 1990 இற்கு முன் வரைந்த வரைபடங்களாலும் எடுத்த ஒளிப்படங்களாலுமேயாகும். அவற்றுள் சில, விடுமுறையில் வந்து கோட்டைக்குள் உலாவிய எவரோ பொழுதுபோக்காக எடுத்தனவாயும் இருக்கலாம். எடுத்தவர் அறியாமலே அவர் படம் ஆவணமாயிற்று.

அறிந்தே ஆவணமாக்குதல் நமக்கு இயலும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா, கைத்தொலைபேசியே போதும். முதலில் இடம் முழுவதையும், பின்னர் அதன் கூறுகளையும் படமெடுத்தல் வேண்டும். அளவு புலப்பட ஒரு கோலையோ அடிமட்டத்தையோ அருகில் வைத்தல் வேண்டும். கல்லெழுத்தை உச்சிவெயிலில் எடுத்தல் பயனற்றது; காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியே எழுத்தின் குழிவை நிழலாற் காட்டும். எழுத்தின்மீது சுண்ணக்கட்டி பூசுதலும், ஓட்டுத்துண்டுகளைப் பொறுக்கி வருதலும் கூடா. இடம் பெயர்ந்த ஓடு தன் சான்றுரையை இழந்துவிடும். கோயிலாயினும் படையினர் காவலிலுள்ள இடமாயினும் இசைவு பெற்றே படமெடுத்தல் முறை. ஒவ்வொரு படத்தோடும் நாள், இடம், நோக்கிய திசை, படமெடுத்தவர் பெயர் ஆகியன குறிக்கப்படல் வேண்டும். இவையின்றேல் அது அழகிய காட்சியாகலாம்; சான்றாகாது.

இறுதியாக ஒன்று. அவ்வாறு சேர்த்தவற்றை ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருந்தவை ஓரிரவில் அழிந்ததை நாம் கண்டோம். பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு படி, ஊர் நூலகத்தில் ஒரு படி, படமெடுத்தவர் கையில் ஒரு படி என அவை பரந்திருத்தல் வேண்டும். அடுத்த விடுமுறையில் மணற்காட்டுக்கோ நெடுந்தீவுக்கோ செல்லும் மாணவர் குழு, தான் எடுத்தவற்றுள் பத்துப் படங்களையேனும் இம்முறையிற் குறிப்பெழுதிச் சேர்ப்பிக்குமாயின், அக்குழு வரலாற்றைக் கற்றதோடமையாது அதனைக் காத்ததுமாகும்.