தூளி, மஞ்சல், தள்ளுவண்டி

"தம்பி, அங்க பெரிய பிள்ளைங்கள வச்சுத் தள்ளுற வண்டி கிடைக்குதாமே. ஒண்ணு பாத்து அனுப்புறியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போனில் கேட்டாள். அக்கா இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நான் இங்கே இங்கிலாந்தில், கவென்ட்ரியில் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். மருமகனுக்கு 10 வயது. டுஷேன் என்கிற தசைச்சிதைவு நோய். 4 வயதில் மாடிப்படி ஏறச் சிரமப்பட்டான். 7 வயதில் தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுந்தான். இப்போது வீட்டுக்குள் நாலு அடி நடப்பான், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு மச்சான்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறார். பையன் 30 கிலோ. மச்சானுக்கு முதுகுவலி.

"இதென்ன பெரிய விஷயம், ஒரு வாரத்துல அனுப்பிடறேன்க்கா" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் நாலு மாதம் ஆன கதைதான் இது. இடையில் கொஞ்சம் சரித்திரமும் படிக்க வேண்டியதாகிவிட்டது.

முதலில் கடைக்குப் போனேன். சாதாரண புஷ்சேர்கள் 15 கிலோ வரை தாங்கும், சில 22 கிலோ வரை. நம்ம பையனுக்கு அது ஆகாது. பெரிய பிள்ளைகளுக்கென்றே தனியாக வண்டிகள் இருக்கின்றன. பார்த்தால் அதே குழந்தை வண்டிதான், அளவில் மட்டும் பெரிசு. குடை மாதிரி மடங்கும், கார் டிக்கியில் போடலாம், எடையும் குறைவு. எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவுக்குப் படம் அனுப்பினேன், அவளுக்கும் சந்தோஷம். ஆனால் பையன் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லையாம்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

நானும் அக்காவும் வளர்ந்தது மூணாறு பக்கம், எஸ்டேட் லயத்தில். எங்கள் தாத்தா தலைமுறை போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி வந்தது. அந்த மலையில் மனிதர்களை யார், எப்படிச் சுமந்தார்கள் என்பதே ஒரு தனி வரலாறு.

முதலில் வந்தவர்கள் முதுவான்கள். மதுரையை விட்டுக் கிளம்பியபோது மீனாட்சி அம்மனையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து மலையேறினார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. சுமந்தவனின் முதுகே ஒரு இனத்தின் பெயர் ஆகியிருக்கிறது பாருங்கள்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞார் அரசரிடமிருந்து அந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அதற்குப் பிறகு தேயிலை வந்தது. அந்தக் காலத்தில் துரைமார் குடும்பங்கள் மலையேறுவதென்றால் குதிரை, இல்லாவிட்டால் ஆள் சுமக்கும் நாற்காலி. பக்கத்துக் கொடைக்கானலிலும் 1910-களில் சாலை வரும்வரை இதே கதைதான். நாற்காலியில் உட்கார்ந்து போனவர்கள் ஒரு தரப்பு, தோள் கொடுத்தவர்கள் நம்ம தரப்பு.

சக்கரம் வந்தது 1902-ல். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 'யூயிங்' முறை என்று பெயர். பாரத்தில் பெரும்பகுதியை அந்த ஒற்றைத் தண்டவாளம் தாங்கும். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். இழுத்தது மாடு. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குட்டி ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டக்குடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கும், அங்கிருந்து போடிக்குப் போகும். 1924 ஜூலை வெள்ளம் ('தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று மலையாளத்தில் சொல்வார்கள், கொல்லம் ஆண்டு 1099) பாதையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை.

ஆக எங்கள் மலையில் முதலில் சக்கரம் கிடைத்தது தேயிலைக்கு. மனிதனுக்கு, அதிலும் நோயாளிக்கு, அது வந்து சேரப் பல காலம் ஆனது. லயத்தில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியின் இரண்டு முனையையும் ஒரு கம்பில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கிப் போவதை நானே சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மலையாளத்தில் மஞ்சல், நமக்கு டோலி. கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக 2010-ல் உருவான இடமலைக்குடியிலிருந்து, அதற்குப் பிறகும் பல வருடம் நோயாளிகளை இப்படித்தான் காட்டு வழியே தூக்கி வந்தார்கள். பாலக்காட்டு அட்டப்பாடி மலை ஊர்களிலும் இதே காட்சிதான்.

சரி, மஞ்சலுக்கும் இங்கிலாந்து வண்டிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

ஐரோப்பாவில் குழந்தை வண்டியின் கதையை 1733-ல் ஆரம்பிப்பார்கள். வில்லியம் கென்ட் என்ற தோட்டக்கலை நிபுணர், டெவன்ஷர் பிரபுவின் பிள்ளைகளுக்குச் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார், ஆடு இழுக்கிற மாதிரி. மடக்கும் வண்டியைக் கண்டுபிடித்தது ஓவன் மக்ளாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். மகள் பேரக்குழந்தையைக் கனமான வண்டியில் வைத்துத் திண்டாடியதைப் பார்த்தவர், விமானத்துக்கான அலுமினியக் குழாய்களை வைத்து, நடுவில் துணி கட்டி, குடை மாதிரி மடங்கும் வண்டி செய்தார். 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை 3 கிலோகூட இல்லை. அவர் இருந்த பார்பி கிராமம் என் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான்.

அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அது யாருடைய கஷ்டத்தைத் தீர்த்தது? தள்ளுபவருடைய கஷ்டத்தை. உட்காருகிற குழந்தைக்கு அதே தொங்கும் துணிதான். நம்ம தூளி, நம்ம மஞ்சல், அலுமினியக் குழாயில்!

இதை எனக்குப் புரியவைத்தது இங்கே குழந்தைகளுக்கான பிசியோதெரபி வேலை பார்க்கும் ஒரு தோழி. படத்தைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இது யாருக்கு? உங்க அக்காவுக்கா, பையனுக்கா?"

அவர் விளக்கியது இதுதான். தொங்கும் துணியில் உட்கார்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் சரியும், தொடைகள் உள்ளே ஒட்டும், முதுகு வளையும். நல்ல தசை உள்ள குழந்தை தானே நிமிர்ந்துகொள்ளும். தசை பலவீனமான குழந்தையால் முடியாது. டுஷேன் பிள்ளைகளுக்கு, நடை நின்ற பிறகு முதுகெலும்பு வளைவதுதான் பெரிய பயம். முதுகு வளைந்தால் நுரையீரலுக்கு இடம் குறையும். நாள் முழுக்க உட்காருகிற இருக்கை சௌகரியத்துக்காக மட்டும் அல்ல, மூச்சுக்கும் சேர்த்துத்தான்.

அவர் எழுதிக் கொடுத்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். யாருக்காவது உதவும்.

இருக்கையின் அடி கெட்டியாக, சமமாக இருக்கவேண்டும், மேலே மெத்தை. அகலம் இடுப்பு அகலத்தைவிடச் சற்றே கூட, அவ்வளவுதான். "வளர்ற பிள்ளைதானே" என்று சட்டை எடுப்பது மாதிரி பெரிதாக வாங்கக்கூடாது. உட்காரும் நீளம், முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் முன்னால் முடியவேண்டும். பாதம் தொங்காமல் பலகையில் பதியவேண்டும். இடுப்புக்கு பெல்ட், விலாவுக்கு இரண்டு பக்கமும் அணை. முதுகு மட்டும் சாய்வதைவிட, இருக்கையும் முதுகும் சேர்ந்து ஒன்றாகச் சாய்வது நல்லது. அப்போதுதான் பிள்ளை வழுக்கி இறங்காது. எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளையை நேரில் அளந்து பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது.

கடைசி வரியில் என் திட்டம் படுத்துவிட்டது. கவென்ட்ரியில் உட்கார்ந்துகொண்டு கொழிஞ்சாம்பாறைப் பையனை எப்படி அளப்பது?

இன்னொரு சிக்கல், சாலை. இங்கே கடைத்தெரு வழவழ என்று இருக்கும், சின்னச் சக்கரம் ஓடும். அக்கா வீட்டு வாசலில் செம்மண், அப்புறம் வாய்க்கால் ஓரம். விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனால் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. லயத்துக்கு ஏறக் கல்படி. சின்ன முன்சக்கரம் ஒரு ஜல்லிக்கல்லில் சிக்கினால் பிள்ளை முன்னால் சாய்வான். இந்த ஞானமும் புதிதல்ல. ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1966-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். 1980-ல் நிகராகுவா போனார். பணக்கார நாட்டு நாற்காலி ஏழை நாட்டு மண்ணில் உடைந்தால் சரிசெய்ய வழியில்லை என்று பார்த்தார். உள்ளூரில் கிடைக்கும் பொருளிலேயே செய்து, உள்ளூரிலேயே பழுது பார்க்கக்கூடிய நாற்காலிகளை உருவாக்குவதில் இறங்கினார். உலக சுகாதார நிறுவனமும் 2008-ல் இதற்கென வழிகாட்டி நூல் வெளியிட்டது. நாற்காலியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அளப்பது, பொருத்துவது, பழக்குவது, பராமரிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் சேவை என்கிறது அது.

அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்ப அனுப்ப மாட்டியா?" என்றாள். மாதக்கணக்கில் காத்திருந்தவளிடம் சரித்திரம் பேசியது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நாற்காலின்னா ஊர்ல என்ன சொல்லுவாங்க தம்பி? வண்டின்னா ஏதோ சின்னப் பிள்ளைய வச்சுத் தள்றோம்னு போயிடும்." விஷயம் அதுதான். சக்கர நாற்காலி என்ற சொல்லை அவள் இன்னும் வீட்டுக்குள் விடவில்லை.

அப்போதுதான் பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். நாலு மாதத்தில் அவனிடம் யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

"மாமா, அது பாப்பா வண்டி. என் கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு சைக்கிள் மாதிரி பெரிய சக்கரம் வேணும். கொஞ்ச தூரமாச்சும் நானே தள்ளிப் பாக்கறேன்."

பின்னால் அக்கா அழுவது கேட்டது.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. கேரளத்தில் 2008 முதல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென அரசுக் கொள்கையே இருக்கிறது, பஞ்சாயத்து அளவில் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் மூலமாகத் தற்காலிகமாக ஒரு நாற்காலி வந்தது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று, அந்தச் சான்றிதழும் வாங்கியாயிற்று. நாடு முழுக்கச் செல்லும் அடையாள அட்டை என்பதால், கேரளத்தில் வீடும் கோயம்புத்தூரில் வைத்தியமுமாக இருக்கிற எல்லையோரக் குடும்பங்களுக்கு நிம்மதி. கோவையில் பையனை உட்காரவைத்து அளந்து, கெட்டி இருக்கை, பக்க அணைகளோடு நாற்காலி செய்தார்கள். பின்னால் சைக்கிள் சக்கரம். பஞ்சர் என்றால் கொழிஞ்சாம்பாறை சைக்கிள் கடையிலேயே ஒட்டலாம். நான் பணம் மட்டும் அனுப்பினேன். கை பலம் குறையும்போது மின்சார நாற்காலி வேண்டிவரும் என்று தெரியும். அதற்கும் இப்போதே சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

பஸ்ஸில் மூணாறு போகும்போது மட்டும் மடக்கும் வண்டி ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் உட்காரவைக்க வேண்டாம் என்று தோழி சொல்லியிருக்கிறார். அது வேண்டுமா வேண்டாமா என்று பையன்தான் சொல்லவேண்டும்.

முதல் நாள் வீடியோவில் வந்தான். வாசலிலிருந்து வேப்பமரம் வரை, பத்து அடி இருக்கும், தானே தள்ளிக்கொண்டு போனான். மூச்சு வாங்கியது. திரும்பி வரும்போது மச்சான் தள்ளினார். முதுகில் கை வைக்காமல் தள்ளினார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டிக் கேளுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள்.