வரைபடத்துச் சாலையும் வாழ்ந்தவர் உரிமையும்

ஈப்போ முதலிய பேராக் நகரங்களைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘ரோடு ரிசர்வ்’ என்பது. பின்னொரு நாள் சாலை அமைப்பதற்கென்று முன்னரே ஒதுக்கி வைத்த நிலத்துக்கு அது பெயர். நாற்பது ஆண்டு குடியிருந்தவர் கையில் ஒரு நாள் ஒரு தாள் வந்து சேர்கிறது. தம் அடுப்படி அரசாங்க வரைபடத்தில் சாலையாக இருப்பதை அவர் அப்பொழுதே அறிகிறார். இந்நிலை எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை நம்மவர் அறிதல் நலம்.

ஆங்கில ரெசிடெண்டுகள் வருமுன் இந்நாட்டு மலாய் மக்களிடம் வழங்கிய நில வழக்கம் மிக எளியது. காடு ‘தானா மாத்தி’, அதாவது செத்த நிலம். அதனைத் திருத்திப் பயிரிட்டால் ‘தானா ஹீடுப்’, உயிருள்ள நிலம். உயிர் கொடுத்தவனுக்கே உரிமை. அவன் நட்ட பழமரங்கள் நிற்குமளவும் அவ்வுரிமைக்கு அவையே சாட்சி. பேராக்கில் உதவி ரெசிடெண்டாயிருந்த வில்லியம் மாக்ஸ்வெல் துரை 1884இல் இவ்வழக்கங்களைத் தொகுத்து நீண்ட கட்டுரை ஒன்று வரைந்தார். வேடிக்கை யாதெனில், அவ்வழக்கத்துக்கு முடிவு தேடியவருள் முதல்வரும் அவரே. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் டாரென்ஸ் என்பார் ஏற்படுத்திய பதிவு முறையை இங்கும் நாட்டவேண்டுமென்று அவர் வாதாடினார். 1891இல் சிலாங்கூரிலும் 1897இல் பேராக்கிலும் அது சட்டமாயிற்று.

இம்முறையில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர். பழமரம் பேசாது, கிராண்ட் பேசும். நிலம் வாங்குவோர்க்கு இதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. பழைய பத்திரங்களைத் துருவிக் கொண்டிருக்க வேண்டுவதில்லை; ஏமாற்றும் குறைந்தது. ஆனால் இந்நன்மை பெரிதும் யாரைச் சேர்ந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1877இல் கோலகங்சாரில் ரப்பர் நாற்றுகள் ஊன்றப்பட்டன. ரப்பர் விலை ஏறிய பின்னர் ஆயிரக்கணக்கான ஏக்கர் கம்பெனிகளின் பெயரில் பதிவேறியது. அத்தோட்டங்களுக்குக் காடு வெட்டியவருள்ளும், அவற்றை நகரத்தோடு இணைக்கும் சாலைகளுக்குக் கல்லுடைத்து மண் கொட்டியவருள்ளும் பலர் நம் தமிழ் மக்கள். அவர்களுக்குக் கிடைத்தவை கூலியும் லயத்தில் ஓர் அறையும். வேலை நீங்கினால் அறையும் நீங்கும். பழைய மலாய் வழக்கம் நிலைத்திருந்து, அது நம்மவர்க்கும் செல்லுபடியாகியிருந்தால், பேராக்கில் எத்தனை ஏக்கர் தமிழர் உயிர் கொடுத்த நிலமாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நிற்க. 1950களில் வெள்ளைக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். பேராசிரியர் உங்கு அஜீஸ் முதலியோர் இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். சுங்கை சிப்புட்டிற் பிறந்த சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளர் சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களை விலைக்கு வாங்கச் செய்தார். அது பெருஞ்செயல். எனினும் சங்கத்தில் பங்கு வேறு, குடியிருக்கும் மனைக்குக் கிராண்ட் வேறு. இந்த வேற்றுமையை நம்மவர் நெடுங்காலம் கருதினாரில்லை.

தோட்டம் துண்டானபோதும், பின்னர்ச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும், லயத்தை விட்டவர்கள் சாலையோரத்திலும் இரயிலோரத்திலும் ஆற்றங்கரையிலும் குடிசை போட்டனர். இவர்களைப் ‘புறம்போக்கு வாசிகள்’ என்று நம் பத்திரிகைகள் எழுதி வந்துள்ளன. தாயகத்தில் புறம்போக்கு என்பது தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக ஊருக்குப் பொதுவாய் விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். வண்டிப்பாதையும் ஏரிக்கரையும் அதில் அடங்கும். நிலத்தின் பெயர் இங்கே கடல் கடந்து வந்து மனிதன் தலையில் ஏறிற்று!

1966இல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் அரசு நிலத்தில் உரிமை விளையாது என்கிறது. 62ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவித்துப் பொதுக்காரியத்துக்கு நிலத்தை ஒதுக்கலாம். சாலை வரும்வரை அந்நிலத்தை டி.ஓ.எல். எனும் தற்காலிக உரிமத்தின்பேரில் விடுவதுமுண்டு. அவ்வுரிமம் டிசம்பர் முடிவோடு முடியும். உரிமம் பெற்றவர் இறந்தால் மைந்தனுக்குச் செல்லாது. ஆண்டுதோறும் பணம் கட்டிய ரசீதுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்து, அவையே கிராண்ட் என்று நம்பியிருப்போர் இன்றும் உளர். 1982ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில், பேராக் அரசாங்கத்தின்மீது நானூற்றுக்கு மேற்பட்ட குடியானவர் தொடுத்த வழக்கொன்று காணப்படுகிறது. அனுமதியின்றிக் குடியேறியவர்க்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாய முறையிலும் உரிமையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் அதில் முடிவு கூறிற்று.

கிராண்ட் உடையவர் நிலை வேறு. சட்டப்படியன்றி எவர் உடைமையையும் பறித்தலாகாது, போதிய இழப்பீடின்றி நிலத்தை எடுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 13ஆம் விதி காக்கிறது. 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அவருக்குச் சந்தை விலை தரச் சொல்கிறது. அவர் நிலத்தின் குறுக்கே வருங்காலச் சாலை என்று உள்ளூர்த் திட்டத்தில் கோடு இருந்து, அதனால் கட்டட அனுமதி மறுக்கப்பட்டு, நிலம் பயனற்றுப்போனால், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி அந்நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு அவர் அறிவிப்பு விடுக்கலாம். சிறு மனை உடைய நம்மவர் பலர்க்கு இப்படியொரு வழி இருப்பதே தெரியாது.

1994இல் நிறைவேறிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலை பேராக்கின் நீளம் முழுதும் செல்கிறது. பந்திங்கிலிருந்து தைப்பிங் நோக்கி 2014இல் தொடங்கிய மேற்குக் கரை நெடுஞ்சாலை இம்மாநிலத்தின் கடலோர மாவட்டங்களை ஊடுருவுவது. சாலை வேண்டாமென்று யாரும் சொல்லார்; முன்கூட்டியே நிலம் ஒதுக்காத ஊரில் பின்னர் வீடுகள்தாம் இடிபடும். நாம் கேட்பது ஒன்றே. நில எடுப்புச் சட்டம் இழப்பீட்டில் உரிமை கோரத்தக்கவர் யாவரென்று விளக்குமிடத்தில், உடையவர் விரும்பும் வரையில் மட்டும் குடியிருப்பவரைப் பெயர் சொல்லி விலக்குகிறது. மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்தவர் ஒரு தலைமுறையேனும் குடியிருந்தவராகக்கூடக் கணக்கில் வரவேண்டாமா?

நம்மவர் பங்கையும் மறைத்தலாகாது. சாலையோரத்து மரத்தடியில் ஒரு சூலத்தை நட்டு, கூரை போட்டு, ஆண்டுக்கு ஆண்டு திருவிழாவுக்குப் பணம் திரட்டினோம். முனியாண்டி காவலிருக்க யார் இடிக்க வருவார் என்று அதன் பக்கத்திலேயே வீடும் கட்டினோம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தி அந்நிலம் யாருடையதென்று தேடிப் பார்த்தவர் எத்தனை பேர்?

உள்ளூர்த் திட்டத்தின் நகல் முடிவாகுமுன் அதனைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். ஆட்சேபம் எழுதித் தரக் குறைந்தது நான்கு வாரம் தவணை உண்டு. வரைபடத்துக் கோட்டை அழிக்கவோ நகர்த்தவோ கூடிய காலம் அதுவே. அந்த நான்கு வாரமும் அலுவலகம் திறந்திருக்கும் வேளையில், தோட்டத்துச் சனம் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருக்கிறது.