துள்ளினால்தான் கணக்கு

போன மாதம் என் பேரன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். மழையில் நனைந்த புல்வெளி. புல்லுக்குள்ளிருந்து ஒரு கறுப்புப் பறவை பந்து எகிறுவதுபோல மேலே எழும்பி, சிறகடித்து, மறுபடி புல்லில் விழுந்து மறைந்தது. "தாத்தா, இதுக்குப் பேர் வரகுக்கோழியாம். நீங்க பாத்திருக்கீங்களா?" என்றான்.

பார்த்ததில்லை. பெயரையே அன்றுதான் கேட்டேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்த பறவைகளெல்லாம் பிரான்சு தேசத்துப் பறவைகள். வெட்கமாக இருந்ததால் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது பறவையின் கதையாக மட்டும் இல்லை, கணக்கெடுப்பின் கதையாகவும் இருந்தது. நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கானமயில் குடும்பத்தில் வரகுக்கோழிதான் மிகச் சிறியது. ஆண் அரைக் கிலோ எடை இருக்கும். பெண் அதைவிடப் பெரியது. ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் புல்வெளிகளில் மழைக்காலத்தில் இனம் பெருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே பரவிப் போகும். பெண் காய்ந்த புல்லின் நிறம்; பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. ஆண் மட்டும் பெண்ணுக்குத் தன்னைக் காட்ட ஒரு நாளைக்கு ஐந்நூறு முறைகூடத் துள்ளும். வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்காரர்களுக்கு அந்தத் துள்ளலே குறியாயிற்று. இன்று கணக்கெடுப்பவர்களும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். துள்ளும் ஆண்களை எண்ணி, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிட வேண்டும்.

1982இல் அப்படி வந்த எண் 4,374. 1989இல் 1,672. ஏழே வருடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நடுவில் அந்தப் பக்கமெல்லாம் கடும் வறட்சி. மழை இல்லையென்றால் புல் இல்லை, புல் இல்லையென்றால் துள்ளலும் இல்லை. மழை திரும்பியதும் எண்ணும் ஏறியது: 1994இல் 2,206, 1999இல் 3,530. இந்த வேலையில் பெரும்பங்கு ரவி சங்கரன் என்ற ஆராய்ச்சியாளருடையது. பிற்பாடு கோயம்புத்தூர் ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரிலான பறவையியல் மையத்துக்கு இயக்குநராக இருந்தார். 2009 ஜனவரியில் காலமானார்.

பிறகு 2017இல் பல அமைப்புகள் சேர்ந்து விரிவாக எண்ணின. வந்த எண் 264.

3,530 எங்கே, 264 எங்கே? எண்ணிய முறைகள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே கழித்துப் பார்க்கக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சரிவு பொய்யில்லை. 2021இல் உலகப் பட்டியலில் இந்தப் பறவையை, அற்றுப்போகும் அபாயத்தின் கடைசிப் படியில் வைத்தார்கள்.

இந்த இடத்தில் என் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 1982 கால்நடைக் கணக்கெடுப்பு வருடம். நான் அப்போது ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். கிராமத் தாள்களைக் கூட்டிப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. ஒரு கிராமத்துத் தாள் கடைசி வரைக்கும் வரவில்லை. மேலே இருந்தவர், "போன தடவை நம்பரையே போட்டு அனுப்பிடுப்பா" என்றார். நான் அதோடு நிற்கவில்லை. அப்படியே போட்டால் சந்தேகம் வரும் என்று மாட்டில் பன்னிரண்டும் ஆட்டில் முப்பதும் கூட்டிப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்தக் கிராமத்தில் உண்மையில் மாடு குறைந்ததோ கூடியதோ, அந்த வருடத்துக் கணக்கில் இனி யாருக்கும் தெரியாது.

மாடு காணாமல் போனால் வீட்டுக்காரன் தேடுவான். வரகுக்கோழியைத் தேட யார் இருக்கிறார்கள்? அது வாழும் புல்வெளிகூட அரசாங்கப் பதிவேட்டில் பெரும்பாலும் தரிசு என்றுதான் இருக்கிறது. தரிசு என்று எழுதியாகிவிட்டால் உழுவதற்கும் தடை இல்லை, ஆலை கட்டவும் தடை இல்லை. அதை எழுதியவரும் என்னைப்போல ஒரு குமாஸ்தாதான்.

மத்தியப் பிரதேசத்தில் சைலானா, சர்தார்பூர் என்று இரண்டு இடங்களை 1983இலேயே இந்தப் பறவைக்காகச் சரணாலயமாக்கினார்கள். அஜ்மீர் பக்கத்து சோகலியாவிலோ சரணாலயம் இல்லாமலே உழவர்களின் பயிர்களுக்கு நடுவில் அது துள்ளிக்கொண்டிருக்கிறது. எங்கே மிஞ்சியிருக்கிறது என்று நமக்குத் தெரிவது, ஒவ்வொரு மழைக்கும் அதே இடங்களுக்குப் போய், அதே முறையில் பார்த்து, ஒன்றும் துள்ளாத இடத்தில் பூஜ்யம் என்றே எழுதி வருகிறவர்களால்தான்.

பூஜ்யம் எழுதக் கை கூசும். எனக்குக் கூசியது. அவர்கள் எழுதுகிறார்கள்.