கட்டுப்பாடும் கண்ட்ரோலும்

'கட்டுப்படு' என்னும் வினையிலிருந்து பிறந்த 'கட்டுப்பாடு' என்ற சொல், நம் கிராமங்களில் நெடுங்காலம், ஊரார் கூடிப் பேசித் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நிபந்தனையையே குறித்து வந்தது. ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பதும் ஊர்க் கட்டுப்பாடு, மீறியவனை விலக்கிவைப்பதும் ஊர்க் கட்டுப்பாடு. எளியவர்களை நசுக்கவும் அது உதவியதுண்டு. ஆயினும், கட்டியவர் யார் என்பது கட்டுண்டவனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது சர்க்கார் அரிசிக்கும் துணிக்கும் விலையும் அளவும் விதித்ததும், எழுத்திலே 'விலைக் கட்டுப்பாடு' என்று இப்பழஞ்சொல் புது உத்தியோகம் ஏற்றது. ஜனங்களோ 'கண்ட்ரோல் அரிசி', 'கண்ட்ரோல் துணி' என்றார்கள். தம் சம்மதம் கேளாமல் வந்த ஒன்றுக்குத் தம் வீட்டுச் சொல்லைக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அந்த அந்நியச் சொல்லின் பூர்வீகமோ வியப்பானது. பழைய பிரெஞ்சு மொழியில் அது, ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்ப்பதற்கென்று வைத்திருந்த எதிர்ச்சுருளைக் குறித்தது. ரேஷன் கடையில் நின்றவர்கள் அந்த ஆதிப்பொருளைக் கண்ணாரக் கண்டவர்கள்: கார்டில் ஒரு பதிவு, கடைப் புஸ்தகத்தில் ஒரு பதிவு, இரண்டும் ஒத்த பிறகே பையில் அரிசி விழும்.

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைக் கண்ட எவரும், தானியத்தை வியாபாரியின் மனச்சாட்சிக்கே விட்டுவிடலாம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால், யுத்தம் முடிந்தும் கட்டு அவிழாமலிருந்தபோது, அதை அவிழ்க்கச் சொல்லிக் காந்தியடிகள் தம் இறுதி மாதங்களில் மன்றாடினார். 1947 இறுதியில் தளர்ந்த கட்டு, விலைகள் ஏறவே, 1948இல் மீண்டும் இறுகியது. 1952 ஜூனில், சென்னையின் முதன்மந்திரியாயிருந்த ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார். அது சரியான காரியமென்பதே என் அபிப்பிராயம். பதுக்கிய நெல்லை வெளிக்கொணர, அதிகாரியைவிட அச்சம் நீங்கிய சந்தைக்கே சக்தி அதிகம்.

அதற்கு முந்தைய மாதந்தான், ஆலை தொடங்கவும் விரிக்கவும் லைசென்ஸ் வேண்டுமென்ற 1951ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த ராஜாஜி அதனைப் 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்று சாடினார். பஸ் முதலாளி பர்மிட் என்றார், நூல் வியாபாரி கோட்டா என்றார். கட்டுப்பாடு என்று இருவருமே சொல்லவில்லை.