இழந்த பாதமும் எழுதித் தராத பதிலும்: கொடுப்பனவு மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

சல்லியில் கரைவலை இழுக்கும்போது என் அண்ணன் மற்றவர்களோடு கயிறு பிடிப்பதில்லை. இழுத்து வரும் கயிற்றைச் சுருட்டி வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். 1990களில் விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் இடது பாதத்தை இழந்தவர். முழங்காலுக்குக் கீழே வெட்டிச் செயற்கைக் கால் போட்டார்கள். அடுத்த ஒழுங்கையில் இன்னொருவர் இருக்கிறார். அவர் முன்னாள் போராளி. புனர்வாழ்வு பெற்று வந்தவர். அவருக்கும் ஒரு பாதம் இல்லை. இருவரும் நடக்கும் விதம் ஒன்றுதான். விண்ணப்பிக்க வேண்டிய படிவமும் ஒன்றுதான்.

சில வருடங்களுக்கு முன் அண்ணனுடைய கொடுப்பனவுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "செயற்கைக் கால் இருக்குதுதானே, நடக்கிறீங்கள்தானே" என்றார்கள். அதை முடிவு என்று நம்பி வீட்டுக்கு வந்துவிட்டோம். எட்டு மாதம் வீணாய்ப் போனது. வாயால் சொன்ன மறுப்புக்கு எதிராக யாரிடமும் முறையிட முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. அதிலிருந்து கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

யாருக்கு எந்தக் கதவு?

இராணுவத்திலும் பொலிஸிலும் இருந்து காயமடைந்தவர்களுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை அவர்களுக்கானது. முன்னாள் போராளிகளுக்கு அப்படியான ஓய்வூதியம் எதுவும் இல்லை. அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் இருப்பவை இரண்டு வழிகள்.

முதலாவது, வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு. 5,000 ரூபாயாக இருந்த இது 2024 இல் 7,500 ரூபாயாகவும், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். அஸ்வெசும என்பது குடும்பத்துக்கான வேறொரு உதவி. ஒன்றுக்குக் கொடுத்த மேன்முறையீடு மற்றதற்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகம். வடக்கு, கிழக்கில் நடந்த ஆயுத மோதலால் உயிருக்கோ உடலுக்கோ சொத்துக்கோ பாதிப்பு அடைந்தவர்கள் இச்சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருகிறார்கள். இங்கு காயத்துக்கும் மோதலுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். மாதாந்தக் கொடுப்பனவுக்கோ இன்றைய இயலாமையும் வருமானமுமே முக்கியம்.

பாதத்தின் இன்றைய நிலையை எழுதுங்கள்

நாங்கள் விட்ட பெரிய பிழை இதுதான். முதல் விண்ணப்பத்தில் வெடித்த நாளைப் பற்றித்தான் எழுதியிருந்தோம். ஆனால் பாதத்தை இழப்பது ஒரு நாளோடு முடிகிற காரியமல்ல. எஞ்சிய கால் வருடக்கணக்கில் மெலியும். அப்போது செயற்கைக் காலின் கிண்ணம் தளர்ந்து தோலை உரசும், கொப்புளம் வரும், புண்ணாகும். கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் அதை இன்னும் மோசமாக்கும். செயற்கைக் காலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியும் வரும். 1968 இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் கால், வெறுங்காலோடு நடப்பவர்களையும் ஈரத்தில் வேலை செய்பவர்களையும் நினைத்துச் செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. ஆனாலும் எந்தச் செயற்கைக் காலும் தேயத்தான் செய்யும்.

நல்ல காலுக்கும் பாதிப்பு உண்டு. உடம்பின் பாரத்தைக் கூடுதலாகத் தாங்குவதால் அந்தப் பக்கத்து முழங்கால் மூட்டு தேய்கிறது. நீரிழிவும் சேர்ந்துகொண்டால் மிஞ்சியிருக்கும் பாதத்தில் வரும் சிறு புண்ணும் ஆபத்து.

அமெரிக்காவில் முன்னாள் படையினர் இப்படி வரும் இரண்டாம் நிலைப் பாதிப்பையும் தனியாகக் கோரலாம். தட்டைப் பாதத்துக்குக்கூட அங்கே கடுமையைப் பொறுத்து 0 முதல் 50 சதவீதம் வரை அளவு வைத்திருக்கிறார்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். மேன்முறையீட்டுக்கு ஒரு வருட அவகாசமும் உண்டு. நம்மிடம் அந்த அட்டவணை இல்லை. ஆனால் அந்த விபரங்களை நாமே விண்ணப்பத்தில் எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

ஆகவே கிளினிக்கில் வைத்திய அதிகாரியிடம் இவற்றைக் குறிப்பிட்டுத் தரும்படி கேளுங்கள்: எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, பாரம் தூக்க முடியுமா, ஒரு நாளில் எத்தனை மணிநேரம் செயற்கைக் காலைப் போட்டிருக்க முடிகிறது, மற்றக் காலின் நிலை என்ன. "கால் துண்டிக்கப்பட்டவர்" என்ற ஒரு வரி போதாது. பழைய டயக்னோசிஸ் காட் தொலைந்திருந்தால், சிகிச்சை பெற்ற வைத்தியசாலையிடம் பதிவின் பிரதியை எழுத்தில் கேளுங்கள்.

மறுத்தால் அடுத்தடுத்த படிகள்

1. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். தமிழிலேயே பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

2. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். "எனது விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட முடிவு, அதன் காரணம், காத்திருப்போர் பட்டியலில் எனது இடம்" என்று தெளிவாகக் கேளுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரியிடமும், அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

3. காரணம் கையில் கிடைத்ததும் அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வைத்தியச் சான்று போதாது என்றால் புதிய அறிக்கை. வருமானம் அதிகம் என்றால் வருமானச் சான்று. முழுக் கதையையும் மறுபடி எழுதினால் முக்கியமானது மறைந்துபோகும்.

4. பாகுபாடு காட்டப்பட்டது என்று நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் சேராது. எனவே தாமதிக்க வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதும் அந்த உடன்படிக்கையின் ஒரு பகுதி. இவற்றை மேன்முறையீட்டுக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடலாம். கேட்பது பிச்சையல்ல என்பது அதில் விளங்கும்.

அண்ணனுடைய இரண்டாவது விண்ணப்பத்தில் வலது முழங்காலைப் பற்றி வைத்தியர் எழுதிய அரைப் பக்கம் இணைந்திருந்தது. இம்முறை அவருடைய பெயர் பட்டியலில் ஏறியது. அடுத்த ஒழுங்கைக்காரருக்கு இன்னும் பதில் வரவில்லை. 'முன்னாள் போராளி' என்று தெரிந்தால் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் விண்ணப்பிக்கவே பல வருடம் தயங்கியிருந்தார். போன கிழமை அவருக்குத் தகவல் கோரிக்கையை எழுதிக் கொடுத்தேன். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். 14 வேலை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.