குக்கர்பிட்யூரில்

பூசணிக் குடும்பத்துக்குத் தாவரவியலில் குக்கர்பிட்டேசி என்று பெயர். அந்த லத்தீன் வேரோடு கிளைகோலூரில் என்ற சேர்மப் பெயரின் வால் சேர்ந்து பிறந்த சொல் இது. கிளைகோலூரிலையும் ஃபார்மால்டிஹைடையும் அமிலத்தில் வினைபுரிய வைத்து, ஜெர்மனியில் வேதியியலாளர் பெரெண்டின் குழு 1905இலேயே இந்தச் சேர்மத்தைத் தயாரித்துவிட்டது. உருவம் மட்டும் பிடிபடவில்லை. 1981இல் ஃப்ரீமன், மாக், ஷி என்ற ஆய்வாளர்கள் மூவரும் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது: ஆறு அலகுகள் கோத்த வளையம், வயிறு அகன்று, இருபுறமும் வாய் குறுகி, மேலும் கீழும் சீவிய பரங்கிக்காயேதான்!

அந்தக் குறுகிய வாயில்தான் இதன் திறமை எல்லாம். விளிம்பில் நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளே வரும் ‘விருந்தாளி’ மூலக்கூறின் நேர்மின் முனையைப் பிடித்துக்கொள்ளும். நீரோடு ஒட்டாத அதன் உடல் உள்ளே அடங்கும். 2000இல் தென்கொரியாவின் கிமூன் கிம் குழு ஐந்து, ஏழு, எட்டு அலகு வளையங்களையும் பிரித்தெடுத்தது. ஏழலகு வளையம் ஆறலகைவிடத் தண்ணீரில் நன்றாகக் கரையும். மருந்தாய்வாளர்கள் அதை நாடுவது அதனால்தான்.