பட்ட மரங்கள்

கம்பத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலோர இடம் கிடைத்தது. தேக்கடி போகிறவனுக்கு அதுவே பாதிப் புண்ணியம். திராட்சைப் பந்தல்களும் நெல் வயல்களும் ஓடி மறைந்து, லோயர் காம்ப் வந்ததும் மலை சுவர்போல் எதிரே நின்றது. அதன் முதுகிலிருந்து ராட்சத இரும்புக் குழாய்கள் இறங்கின.

"நம்ம சோறு அந்தக் குழாய் வழியாத்தான் தம்பி இறங்குது" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். அவர் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களோடு பென்னிகுக் துரையின் படமும் மாட்டியிருக்கிறதாம்.

மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த ஆறு பெரியாறு. கிழக்கே மதுரைச் சீமை மழைக்கு வானம் பார்த்தது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகுதான் சர்க்காருக்கு உறைத்தது. 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், வருஷக் குத்தகை 40,000 ரூபாய், தவணை 999 வருஷம். ஆயிரம் என்று எழுதக் கை கூசியது போலும்! சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டினார்கள். கட்டியதை வெள்ளம் அடித்துப் போயிற்று, மறுபடியும் கட்டினார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் பலர். அவர்கள் படம் எந்தக் கூடத்திலும் இல்லை. மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டி, 1895 அக்டோபரில் தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டார்கள்.

கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து குமுளியில் இறங்கினால் ஏலக்காய் வாசனை. அப்பால் காடு, ஏரி. நான் போனது மூங்கில் தெப்பத்தில். தண்ணீருக்கு நடுவே கரிய மரங்கள் மொட்டையாக நின்றன. உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தின. அழகுதான். தெப்பம் தள்ளிய மன்னான் குலத்து இளைஞரிடம் அப்படியே சொன்னேன்.

"அணை கட்டினப்போ முங்கின மரம் சார். எங்க பாட்டன்மார் நடந்த தடமெல்லாம் இதுக்குக் கீழேதான்" என்றார்.

பிறகு நான் பேசவில்லை.

விசித்திரம் என்னவென்றால், காட்டை முழுக்கிய ஏரிக்காகவே 1899-ல் சுற்றியிருந்த காட்டை ரிசர்வ் ஆக்கினார்கள். 1934-ல் அது சரணாலயம். 1978-ல் புலிகள் காப்பகம். 1982-ல் நடுப்பகுதி தேசியப் பூங்கா. மன்னான்களோ இன்று குமுளி ஓரத்துக் குடியிருப்பில் இருக்கிறார்கள்.

எதிர்க்கரையில் யானைகள் குட்டியோடு நீர் குடிக்க இறங்கின. இளைஞர் துடுப்பை நிறுத்தி, உதட்டில் விரல் வைத்தார்.

திரும்பி மலை இறங்குகையில் இருட்டிவிட்டது. குழாய்கள் கண்ணில் படவில்லை. கீழே வயல்களில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.